பழைய கிங்காங்கை மறுபடி பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1933-ல் வந்த கறுப்பு வெள்ளை கிங்காங் படத்தை வேலூரில் பள்ளிக்கூட நாட்களில் பார்த்தவன் நான். பல வருஷம் கழித்து அதை வீட்டு டிவியில் மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்புறம் சொந்தக்காரர்கள், பழைய வகுப்புத் தோழர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

நாங்கள் பார்த்த கிங்காங் கலர் படமாச்சே?

அப்படியானால் நீங்கள் பார்த்தது 1976-ல் வந்த படம். அடையாளம் சுலபம். கடைசியில் குரங்கு இரட்டைக் கோபுரத்தின் மேல் ஏறி, ஹெலிகாப்டர்கள் சுட்டால் அது 1976. ஒற்றைக் கட்டடமான எம்பயர் ஸ்டேட் மேல் ஏறி, இரண்டடுக்கு இறக்கை வைத்த பழைய விமானங்கள் சுட்டால் அது 1933. 2005-ல் பீட்டர் ஜாக்சன் எடுத்ததும் எம்பயர் ஸ்டேட்தான். ஆனால் அது கலர், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். 1933 படம் நூறு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

தாரா சிங்கோடு மோதிய கிங்காங் வேறு. அவர் மல்யுத்த வீரர். 'அதிசயப் பிறவி'யில் ஆட்டம் போட்ட கிங்காங் நம் நகைச்சுவை நடிகர். பேர் மட்டும் இங்கிருந்து போனது.

கதை மறந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கார்ல் டென்ஹாம் என்று ஒரு சினிமாக்காரன். யாரும் போகாத தீவில் படம் எடுக்கக் கப்பல் ஏறுகிறான். கதாநாயகி கிடைக்காமல், பழக்கடையில் பசிக்கு ஒரு ஆப்பிளை எடுக்கப் போய் மாட்டிக்கொண்ட ஆன் என்ற பெண்ணைக் கூட்டிப்போகிறான். தீவில் பெரிய மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் காங். தீவு மக்கள் அந்தப் பெண்ணைக் கடத்தி காங்குக்குப் பலி கொடுக்கிறார்கள். காங் அவளைக் கொல்லாமல் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறது. கப்பல்காரர்கள் துரத்த, வழியெல்லாம் டைனோசர்கள். டிரிஸ்கால் என்ற மாலுமி அவளை மீட்டுவருகிறான். பின்னாலேயே வந்த காங்கை டென்ஹாம் வாயுகுண்டு போட்டு மயக்கி, நியூயார்க்குக்குக் கொண்டுபோய், சங்கிலி போட்டு மேடையில் நிறுத்தி டிக்கெட் விற்கிறான். காங் சங்கிலியை அறுத்துக்கொண்டு அந்தப் பெண்ணைத் தேடி எடுத்து, எம்பயர் ஸ்டேட் உச்சியில் ஏறி, விமானங்கள் சுட்டு விழுந்து சாகிறது.

விஷயம் இவ்வளவுதான். மெரியன் கூப்பர், எர்னஸ்ட் ஷோட்சாக் இருவரும் சேர்ந்து இயக்கினார்கள். கடைசியில் காங்கைச் சுட்டு வீழ்த்தும் விமானத்தில் உட்கார்ந்திருப்பதும் அவர்கள் இருவரே. பெற்றவர்களே கொன்றார்கள் என்று எங்கள் பெரியப்பா சொல்வார்.

அன்று வேலூரில் எங்கே பார்த்தீர்கள்?

தியேட்டரில் இல்லை. 1970-களின் கடைசியில், பள்ளிக்கூட ஹாலில், 16 எம்.எம். புரொஜெக்டரில். திரை என்பது இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டி. ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அதுவரை கொசப்பேட்டைப் பையன்களும் சைதாப்பேட்டைப் பையன்களும் காங் மாதிரி மார்பில் குத்திக்கொண்டு கத்துவார்கள். (வெளியூர்க்காரர்களுக்கு: வேலூரிலும் ஒரு சைதாப்பேட்டை இருக்கிறது.)

ஆங்கிலம் யாருக்கும் முழுசாகப் புரியாது. புரொஜெக்டர் பக்கத்தில் நின்று ஒரு வாத்தியார் தமிழில் கதை சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பாரதக் கூத்தில் ஊறியவர். காங்குக்கும் வசனம் கொடுத்தார். "அடே அற்பப் பதர்களே!" என்று காங் முழங்கியதை நான் இன்றைக்கு டிவியில் தேடினால் கிடைக்குமா? அந்த ஒன்றுதான் குறை.

இப்போது பார்த்தால் பொம்மை என்று அப்பட்டமாகத் தெரியுமே, சிரிப்பு வராதா?

குடியாத்தத்திலிருந்து வந்த என் மச்சான் படம் தொடங்கிய முக்கால் மணி நேரத்தில், காங் முதன்முதலாக மரங்களை விலக்கிக்கொண்டு வந்ததும், "என்ன மாமா, பொம்மைன்னு நல்லாத் தெரியுதே" என்றார். தெரியத்தான் செய்கிறது. ஒளித்துப் பேச ஒன்றுமில்லை. அது ஒன்றரை அடி உயரப் பொம்மை. உள்ளே மூட்டு மூட்டாக மடங்கும் உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பரும் பஞ்சும், அதற்கும் மேல் முயல் தோல். செய்தவர் மார்செல் டெல்காடோ. அசைத்தவர் வில்லிஸ் ஓ'பிரையனும் அவர் ஆட்களும். பொம்மையின் கையைத் துளி நகர்த்தி ஒரு படம், இன்னும் துளி நகர்த்தி இன்னொரு படம். ஒரு விநாடிக்கு 24 படம் வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு 1,440. காங்கும் டைரனோசரும் கட்டிப் புரளும் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் மச்சானுக்கு நான் சொன்ன பதில் இதுவல்ல. வட ஆற்காட்டில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது என்றேன்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் படுகளம் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். இப்படியே நாள்கணக்கில் போய், கடைசியில் ஊர்ப் பொட்டலில் துரியோதனனைக் களிமண்ணால் செய்வார்கள். மல்லாந்து படுத்த ஒரு பேருருவம். மண்ணைக் குழைத்து, மீசை வைத்து, முறைக்கிற கண் வரைவதையெல்லாம் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். எந்த இடத்தில் ஈரம் காயவில்லை என்பதுகூட எங்களுக்குத் தெரியும். அப்புறம் வேஷம் கட்டியவர்கள் வந்து அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஆடி, பீமன் தொடையில் அடித்து, சிவப்பு வழிந்து, திரௌபதி கூந்தல் முடிந்ததும் ஒப்பாரி எழும். காலையில் அந்த மண்ணை மிதித்தவர் வீட்டுப் பெண்களும் அழுவார்கள். யாருக்கும் அது மண் என்பது மறந்துபோகவில்லை. சபையில் ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுக்கச் சொன்னவன் அவன் என்பதும் மறந்துபோகவில்லை. இருந்தாலும் கீழே விழுந்து கிடக்கிறான், அழத்தான் வேண்டும்.

ஓ'பிரையனின் பொம்மையும் அந்த வகை. டைரனோசரைத் தாடையைக் கிழித்துக் கொன்ற பிறகு, காங் அதன் வாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்க்கும். செத்துவிட்டதா என்று சந்தேகம், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. கட்டட உச்சியில் முதல் குண்டு பட்டதும் மார்பைத் தொட்டுவிட்டு விரலைப் பார்க்கும். இது என்ன என்று அதற்குப் புரியாது. இந்த இரண்டு இடத்திலும் பொம்மை என்று எனக்கும் தெரிந்தது. தொண்டையும் அடைத்தது. மச்சான் கடைசிப் பத்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவரைச் சீண்டவில்லை.

காங்கின் முடி ஏன் சும்மா நிற்கும்போதும் துடிக்கிறது?

காற்றும் இல்லை, கோபமும் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் பொம்மையைத் தொட்டு நகர்த்துகிறார்கள் அல்லவா, தொட்ட இடத்தில் முயல் முடி அமுங்கும், கலையும். ஓட்டிப் பார்க்கும்போது உடம்பு பூராவும் சிலிர்ப்பதுபோல் தெரியும். அந்தச் சிலிர்ப்பு முழுக்கக் கைரேகைதான் என்று சொல்லலாம். பையனாக இருந்தபோது காங்குக்கு ஆத்திரம் ஏறுகிறது என்று பயந்தோம். இப்போது ஒவ்வொரு துடிப்பிலும் யாரோ ஒருவர் குனிந்து நின்று வேலை செய்தது தெரிகிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. கம்ப்யூட்டரில் செய்த முடியில் இந்த வேலைப்பாடு தடம் விடாது.

காங்கின் உயரம் எவ்வளவு? ஒவ்வொரு காட்சியிலும் ஒரு அளவாகத் தெரிகிறதே?

சரியான கண் உங்களுக்கு. விளம்பரத்தில் ஐம்பது அடி என்றார்கள். தீவுக் காட்சிகள் பதினெட்டு அடிக் கணக்கில் எடுத்தவை. நியூயார்க் வந்ததும், பெரிய கட்டடங்களுக்கு நடுவே சின்னதாகத் தெரியக்கூடாது என்று இருபத்து நாலு அடி ஆக்கினார்கள். இது போதாதென்று, தலையும் தோளும் மட்டும் ஒரு பெரிய உருவமாகச் செய்து, கரடித் தோல் போர்த்தி, உள்ளே மூன்று ஆட்கள் உட்கார்ந்து கண்ணையும் வாயையும் இயக்கினார்கள். ஆனாக நடித்த ஃபே ரேயைப் பிடித்திருக்கும் கை தனியாகச் செய்த இயந்திரக் கை. இத்தனை அளவையும் ஒரே விலங்கு என்று நம்மை நம்பவைக்கிறார்கள். நாங்கள் ஹாலில் உட்கார்ந்து பார்த்தபோது, கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தின் உயரம் இருக்கும் என்று முடிவு கட்டினோம். எங்களுக்குத் தெரிந்த பெரிய உயரம் அதுதான்.

காங் போடும் சத்தம் எந்த மிருகத்துடையது?

சிங்கம், புலி இரண்டின் உறுமலையும் பதிவு செய்து, பின்னாலிருந்து முன்னாக, வேகம் குறைத்து ஓட்டிக் கலந்தது. செய்தவர் மர்ரி ஸ்பிவாக்.

இசையையும் கவனித்துக் கேளுங்கள். தமிழ் சினிமா பேச ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகாத காலத்தில் (நம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் கடைசியில் வந்தது) ஒரு பேசும் படத்துக்கு ஏறக்குறைய முழுக்கப் பின்னணி இசை எழுதினார் மேக்ஸ் ஸ்டெய்னர். அன்றைக்கு ஹாலிவுட்டிலேயே அது புதுசு. எழுத்துப் போடும்போது வரும் இசை நின்ற பிறகு, நியூயார்க்கில் ஒரு துளி இசை கிடையாது. கப்பல் பனிமூட்டத்துக்குள் நுழையும்போதுதான் மெல்ல ஆரம்பிக்கும். நிஜத்திலிருந்து கனவுக்குள் போகிற வாசல் அது. அப்புறம் கடைசியில் விமானங்கள் சுடும்போது மறுபடி இசை நின்றுவிடும். எஞ்சின் இரைச்சலும் துப்பாக்கியும்தான். பள்ளிக்கூட ஹாலில் புரொஜெக்டர் போட்ட சத்தத்தில் இதெல்லாம் எங்கே காதில் விழுந்தது!

சின்ன வயசில் பார்த்தபோது இல்லாத காட்சிகள் இப்போது இருக்கின்றனவே? ஞாபகப் பிசகா?

பிசகாக இருக்க வேண்டியதில்லை. 1938-ல் அமெரிக்காவில் மறுவெளியீடு செய்தபோது தணிக்கை கடுமையாகிவிட்டது. காங் ஊர்க்காரர்களை வாயில் போட்டுக் கடிப்பது, காலால் சேற்றில் மிதிப்பது, ஆன் என்று நினைத்து வேறொரு பெண்ணைத் தூக்கி, இல்லை என்றதும் உயரத்திலிருந்து விட்டுவிடுவது, ஆனின் உடையைப் பிய்த்து முகர்ந்து பார்ப்பது எல்லாவற்றையும் வெட்டினார்கள். நீண்ட காலம் சுற்றியது அந்த வெட்டுப்பட்ட பிரதிதான். பிற்பாடு வெட்டியவை கிடைத்து ஒட்டப்பட்டன. அதனால் இப்போதைய காங் நாம் பார்த்த காங்கைவிடக் கொடூரமானது. அப்பாவிக் குரங்கு என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். துரியோதனன் பேச்சை மேலே எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கிடைக்காமலே போன ஒரு காட்சியும் உண்டு. அடிமரப் பாலத்தைக் காங் உலுக்க, மாலுமிகள் பள்ளத்தில் விழுகிறார்கள் அல்லவா, அங்கே அவர்களை ராட்சதச் சிலந்திகள் தின்பதாக எடுத்திருந்தார்கள். கதை நின்றுபோகிறது என்று கூப்பரே வெளியீட்டுக்கு முன் வெட்டினார். அந்தச் சுருள் இன்றுவரை அகப்படவில்லை. பார்த்ததாக யாராவது சத்தியம் செய்தால், கோட்டை அகழியில் பத்தாயிரம் முதலை இருந்தது என்று எங்கள் ஊரில் சொல்லும் கதையையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள். இரண்டும் ஒரே தராசில் நிற்கும்.

அந்தத் தீவு எங்கே இருக்கிறது?

சுமத்ராவுக்கு வெகு மேற்கே என்கிறது படம். அதாவது இந்துமாக் கடலில், நம் பக்கம்.

சரி, இதோடு சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டும். தீவு மக்களாக அமெரிக்கக் கறுப்பின நடிகர்களை நிறுத்தி, முகத்தில் வண்ணம் பூசி, புல் கட்டி ஆடவிட்டிருக்கிறார்கள். அவர்கள் பேசுவது சுமத்ரா பக்கத்து நியாஸ் தீவுக்காரர் பேச்சு மாதிரி இருக்கிறது என்று கப்பல் கேப்டன் சொல்வதோடு அவர்கள் மொழிக்கு மரியாதை முடிந்தது. கப்பலில் ஒரு சீனச் சமையல்காரர், அவரும் கேலிக்குத்தான். பையனாக இருந்தபோது வெள்ளைக்காரக் கப்பலில் நின்றுகொண்டுதான் நாங்களும் அந்தத் தீவைப் பார்த்தோம். இப்போது பார்க்கும்போது நம் நிறத்துக்கு நாம் யார் பக்கம் நிற்க வேண்டியவர்கள் என்று தெரிகிறது. அந்தக் காலத்துப் படம் என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதற்காகப் பார்க்காமல் விடவும் மனமில்லை. பிள்ளைகளோடு பார்த்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் உங்களுக்கு எது மாறியது?

அன்று தீவுதான் படம். நியூயார்க் வந்ததும் டைனோசர் இல்லையே என்று சலித்துக்கொண்டோம். இன்று எனக்கு நியூயார்க்தான் படம். முக்கியமாக அந்த மேடைக் காட்சி. காங்கைச் சங்கிலியில் நிறுத்திவிட்டு, கோட்டு சூட்டு போட்ட கூட்டத்தைப் பார்த்து டென்ஹாம் பேசுகிறான். தன் உலகத்தில் அரசனாகவும் கடவுளாகவும் இருந்தது, இங்கே வெறும் கைதியாக, உங்கள் ஆவலைத் தீர்க்கும் காட்சிப்பொருளாக நிற்கிறது என்கிறான். இந்தப் பேச்சு அன்று எங்கள் வாத்தியார் வாயில் என்னவாக வந்தது என்று நினைவில்லை. இன்று கேட்டதும் என் நினைப்பு நேரே நம் ஊர்க் கோட்டைக்குப் போனது. திப்பு மடிந்தபின் அவர் பிள்ளைகளை வைத்திருந்த இடம் அது. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1815-ல் பிடிபட்டு, இங்கே கொண்டுவரப்பட்டு, 1832-ல் இங்கேயே கண்ணை மூடினார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவருக்கானது. மனிதரையும் குரங்கையும் சேர்த்து வைத்துப் பேசவில்லை. பிடித்துக்கொண்டுவருகிறவனின் குரலைச் சொல்கிறேன். அது எங்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

கூப்பருக்கு இந்தக் கதை தோன்றிய விதமும் அப்படித்தான். அவர் நண்பர் டக்ளஸ் பர்டன் 1926-ல் கொமோடோ தீவுக்குப் போய் அந்த ராட்சத உடும்புகளில் இரண்டை உயிரோடு நியூயார்க் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுவந்தார். இரண்டும் சீக்கிரமே செத்துப்போயின. கடைசியில் டென்ஹாம் பிணத்தின் பக்கத்தில் நின்று, விமானங்கள் கொல்லவில்லை, அழகுதான் கொன்றது என்று சொல்வான். அன்று கைதட்டினோம். இன்று பார்த்தால், டிக்கெட் விற்றவன் தன் கணக்கை அந்தப் பெண் தலையில் எழுதிவிட்டு நழுவுகிறான்.

ஃபே ரே வெறுமனே கத்திக்கொண்டேதானே இருக்கிறார்?

கத்துகிறார், நன்றாகவே கத்துகிறார். ஆனால் அந்தப் பயத்தை நாம் நம்புவதால்தான் பொம்மைக்கு உயிர் வருகிறது. எதிரே பெரும்பாலும் ஒன்றுமே இல்லாமல் நடித்தவர் அவர். 2004-ல் அவர் இறந்தபோது எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் விளக்குகளைக் கால் மணி நேரம் அணைத்துவைத்தார்கள்.

எத்தனை வயசுப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்?

பத்து வயசுக்கு மேல் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் பக்கத்தில் உட்காருங்கள். முதல் முக்கால் மணி நேரம் குரங்கே வராது, நெளிவார்கள். கப்பல் காட்சிகளில் முறுக்கோ, கடலையோ கொடுத்துச் சமாளிக்க வேண்டும். சோளிங்கர் மலையில் குரங்கிடம் தேங்காய் பறிகொடுத்த பிள்ளைகள் காங் பக்கம் சேர மாட்டேன் என்று அடம்பிடிப்பதையும் பார்த்தேன். அதுவும் நியாயம்தான்.

வண்ணம் ஏற்றிய பிரதி கிடைக்கிறதாமே?

1980-களின் கடைசியில் கறுப்பு வெள்ளையின் மேல் வண்ணம் ஏற்றி ஒன்று வந்தது. வேண்டாம். காட்டின் ஆழமெல்லாம் கண்ணாடியில் தீட்டிய ஓவியங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் செய்தது. இருட்டும் வெளிச்சமும்தான் அங்கே வேலை செய்கின்றன. பச்சை பூசினால் தட்டையாகிவிடும். அறை விளக்கை அணைத்து, டிவியில் படத்தை வழவழப்பாக்கும் அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். மே மாதத்து வேலூரில் ஜன்னலையும் சாத்தச் சொல்ல மாட்டேன்.

பிடித்திருந்தது. அடுத்து எதைப் பார்க்கலாம்?

அதே வருஷக் கடைசியில் அவசரமாக எடுத்த 'சன் ஆஃப் காங்' உண்டு. அதைத் தாண்டிப் போய்விடலாம். 1949-ல் வந்த 'மைட்டி ஜோ யங்' பாருங்கள். அதே கூப்பர், ஷோட்சாக், ஓ'பிரையன் கூட்டணி. பதின்மூன்று வயதில் கிங்காங் பார்த்துவிட்டு, பொம்மை அசைப்பதே வாழ்க்கை என்று முடிவுசெய்த ரே ஹாரிஹவுசன் இதில் ஓ'பிரையனின் உதவியாளர். அந்தக் குரங்கு கடைசியில் பிழைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் சின்னவர்கள் ஓட்டுப் போட்டு அதைத்தான் இரண்டாம் தடவையும் போடச் சொன்னார்கள்.